முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம்

பொங்கியண்ணன் கேமராவைக் கேட்கவில்லை. உள்ளே இருந்த பிலிம் ரோலைத்தான் கேட்டார்.

"அதை உருவி வெயில்ல காட்டிப்போடுங்க தம்பி. நானும் பேச்சை விட்டர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. சரவணம்பட்டியில் அந்த வீதியில் மொத்தமே பதினோரு வீடு. ஏழு வீட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். மீதி நாலு வீடு பூட்டியிருந்தது.

கிருபாசங்கர் பாலிடெக்னிக்கில் வாத்தியார். முப்பத்திரண்டு வயது, திருமலைசாமி வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். கல்யாணத்துக்கென்று சேர்த்ததைக் கொண்டுபோய் நானூறு எம்.எம். லென்ஸ் வாங்கியவன். அதிலிருந்து அவன் அம்மா பெண் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணன் லேத் பட்டறை வைத்திருந்தார். பொண்டாட்டியை அதட்டி வைக்காதவன் ஆம்பளையே இல்லை என்று, வீதியில் புதுசாகக் கல்யாணமான எல்லாருக்கும் கேட்காமலே சொல்லிக்கொடுப்பவர். "மயிலாத்தா, தண்ணி" என்று அவர் போடும் சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்கும்.

அவர் புகார் இதுதான். பத்து நாளாக இந்தத் தம்பி விடிந்ததும் பீரங்கி மாதிரி ஒன்றை அவர் வீட்டு மொட்டைமாடிப் பக்கம் திருப்பி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். துணி காயப்போட வீட்டுப் பொம்பளைகள் எப்படி மாடி ஏறுவார்கள்?

கிருபாசங்கர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற முருங்கை மரத்தைக் காட்டினான். பட்டுப்போன கிளையில் ஒரு பொந்து. உள்ளே குக்குறுவான் என்கிற குருவி குஞ்சு பொரித்திருக்கிறது, தாயும் தகப்பனும் மாறி மாறிப் பழம் கொண்டுவந்து ஊட்டுகின்றன, அதைத்தான் எடுக்கிறேன் என்றான்.

இத்தனூண்டு குருவிக்கு இத்தனை நீளக் குழாய் எதற்கு என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

திருமலைசாமி சிரிக்கவில்லை. மாதக் கடைசியில் காலி செய்துவிடுங்கள் என்றார்.

கிருபாசங்கருக்கு முகம் செத்துவிட்டது. குஞ்சுகள் பறக்க இன்னும் பத்து நாளாவது ஆகும். அது போகட்டும், இந்தப் பேச்சு பாலிடெக்னிக் வரை போனால் வகுப்பில் எப்படி நிற்பது?

"ரோலை உருவ வேண்டாங்க. பிரிண்ட் போடலாம். எல்லாரும் பாருங்க" என்றான்.

அது நியாயம் என்றார்கள். பொங்கியண்ணன் மட்டும், எதற்கு வீண் வேலை, வெயிலில் காட்டினால் முடிந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். திருமலைசாமி ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் தானும் கூடப் போவேன் என்று பொங்கியண்ணன் பிடிவாதம் பிடித்தார்.

இரண்டு பேரும் கிருபாசங்கரின் ஸ்கூட்டரிலேயே ஆர்.எஸ்.புரம் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். வழியில் கணபதி ஏரியாவில் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது பொங்கியண்ணன் அவன் தோளைப் பிடித்தார். உடனே விட்டுவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் முப்பத்தாறு படமும் வந்தன. கவரைப் பொங்கியண்ணன்தான் வாங்கினார். ஸ்டுடியோ வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஆறு படங்களையும் நெகட்டிவையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மீதியை நீட்டினார்.

"இந்த ஆறு வேண்டாங்க தம்பி."

காலையில் வீதியில் கேட்ட குரல் இல்லை அது.

"குருவி நல்லா வந்தது இருந்தாப் போதுங்கண்ணா" என்றான் கிருபாசங்கர்.

திரும்பி வந்தபோது உச்சி வெயில். வீதி கலையவே இல்லை. எந்த வீட்டிலும் சமையல் நடந்த மாதிரியும் தெரியவில்லை.

படங்கள் கைக்குக் கை போயின. பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி, அலகில் ஆலம்பழம். காலையில் சிரித்தவர்களே அழகாயிருக்கிறது என்றார்கள்.

திருமலைசாமி எண்ணிப் பார்த்தார். முப்பதுதான் இருந்தது. ரோலுக்கு முப்பத்தாறு ஆயிற்றே என்றார்.

"ஆறு சரியா வரலீங்க" என்றான் கிருபாசங்கர்.

வீதி மறுபடியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அந்த ஆறில் என்ன இருக்கும் என்று அவரவர் யோக்கியதைக்கு ஏற்றபடி நினைத்துக்கொண்டார்கள். ஒளிக்கிற படம் இருக்கிறதென்றால் தப்பு இருக்கிறதென்றுதான் அர்த்தம் என்று திருமலைசாமி சொல்லிவிட்டார். மாதக் கடைசி வரை வேண்டாம், நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுங்கள் என்றார்.

பத்து நாளாக லென்ஸுக்குள் பார்த்தவனுக்கு அந்த ஆறில் என்ன இருக்கிறது என்று தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"சரிங்க" என்றான் கிருபாசங்கர். படங்களை அடுக்கிக் கவருக்குள் போட ஆரம்பித்தான்.

பொங்கியண்ணன் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். கேட்டருகே மயிலாத்தாள் நின்றிருந்தாள். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தவர், சட்டைப் பைக்குள் கையை விட்டு ஆறு படங்களையும் எடுத்தார். ஸ்கூட்டர் சீட்டின் மேல் வரிசையாக வைத்தார்.

எல்லாரும் குனிந்தார்கள். ஆறிலும் முன்னால் குக்குறுவான் பளிச்சென்று இருந்தது. பின்னால், கொஞ்சம் மங்கலாக, மொட்டைமாடிக் கொடியருகே ஓர் ஆள். ஒரு படத்தில் கிளிப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு ரோஸ் கலர் உள்பாவாடையை உதறிக்கொண்டிருந்தார். அந்த வழுக்கையும் மீசையும் யாருடையவை என்று வீதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"எங்க வீட்டு அம்மணிக்கு ரெண்டு வருசமாத் தோளுக்கு மேல கை எந்திரிக்கறதில்லீங்க" என்றார் பொங்கியண்ணன், யாரையும் பார்க்காமல். "எங்க மாடிக்குத் துணி காயப்போட வர்ற பொம்பள நாந்தானுங்க."