"ஏங்க, போதும்!"

"இன்னும் கொஞ்சம் பலமா அடிங்களேன்" என்றாள் அந்தப் பெண்.

டிரம்மர் குச்சியை அந்தரத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தான். வரும்போது காலிங் பெல்லை அடிக்க வேண்டாம், எதிர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று சொல்லியிருந்தவள் இவள்தான்.

"குழந்தை எழுந்துடாதாங்க?"

"அது பெல் சத்தத்துக்குத்தான் எழுந்திரிக்கும். இது அதுக்குத் தாலாட்டு மாதிரி. தினமும் கேட்டுப் பழகினதாச்சே!" அவள் சிரித்தாள். "நீங்க அடிங்க."

அவன் ஓங்கி ஒரு அடி வைத்தான்.

ஆகா! ஜன்னல் கண்ணாடி சிலிர்த்தது. கூர்மையான சத்தம், ஆனால் காதைக் குத்தவில்லை. எழுந்த வேகத்திலேயே அடங்கி, அடுத்த அடிக்கு இடம் விட்டது. மாதக்கணக்காக அவன் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான்.

அவனுடைய செட்டில் மற்றதெல்லாம் வாய்த்துவிட்டது. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிற்கிற இந்த ஸ்னேர் டிரம் மட்டும் தண்ணி காட்டிக்கொண்டே இருந்தது. போன ரெக்கார்டிங்கில் இசையமைப்பாளர் எல்லோர் முன்னாலும், "என்னப்பா, தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு? அடுத்த தடவையும் இப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த அடுத்த தடவை, இன்று மதியம்.

நேற்று வாத்தியக் கடையில் ஒவ்வொரு டிரம்மாகத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு அவன் வெளியே வந்தபோதுதான் இவள் பின்னாலேயே வந்தாள். "எங்க வீட்டுக்காரரோட டிரம் ஒண்ணு இருக்கு. நாளைக்குக் காலையில வந்து பாருங்களேன்" என்று விலாசம் சொன்னாள். தெய்வமே வந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

"இப்படி ஒரு டிரம்மைக் கொடுக்க அவருக்கு எப்படிங்க மனசு வந்தது?"

"இனிமே அவருக்கு இது தேவைப்படாதுங்க."

அவள் குரல் லேசாகத் தழுதழுத்தது. கை முடங்கிப்போன கலைஞன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் கிளற மனம் வரவில்லை.

"விலை என்ன சொல்றீங்க?"

"விலையெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு ஆசைதான். அவர் வாசிக்கற மாதிரியே ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க. முதல்ல மெதுவா ஒரு உருட்டு. அப்புறம் படிப்படியா வேகம். கடைசியா நான் அதைக் கேட்டுக்கணும்."

டிரம்மருக்குக் கண் கலங்கியது. ஹாலில் இருந்த அவருடைய செட்டிலேயே நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தான். மெதுவாக உருட்டி, வேகத்தை ஏற்றி, தன்னை மறந்து வெளுத்து வாங்கினான். முகம் தெரியாத அந்த மனிதருக்குச் செய்கிற மரியாதையாகவே அதை நினைத்தான்.

கீழே இருந்து ஒரு குரல் வெடித்தது. "அண்ணே! ஒரு நாளாவது காதுக்கு ஓய்வு குடுங்களேன்! தலை வலிக்குது!"

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். "இதோ நிறுத்தச் சொல்றேங்க்கா!" என்று கீழே பார்த்துக் கத்திவிட்டு, உள்பக்கம் திரும்பி இன்னும் சத்தமாக, "ஏங்க, போதும்! கீழ் வீட்டு அக்காவுக்குத் தலைவலியாம்!" என்றாள்.

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினான்.

"மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

"பரவாயில்லை. மனசு நிறைஞ்சுடுச்சு" என்று அவளே டிரம்மை உறையில் போட்டுக் கொடுத்தாள். "பின்பக்கப் படி வழியா இறங்குங்க. முன்னாடி வண்டியா நிறுத்தியிருக்காங்க, டிரம் எங்கயாவது இடிச்சுடப் போகுது."

என்ன ஒரு அக்கறை என்று அவன் மனம் குளிர்ந்தது.

ஸ்டூடியோ வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோதுதான் தலையில் ஹெல்மெட் இல்லை என்பது உறைத்தது. சந்தோஷத்தில் அதை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். ரெக்கார்டிங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. டிரம்மை யாரிடமும் ஒப்படைக்க மனம் வராமல், தோளில் மாட்டிய உறையோடு அப்படியே வண்டியைத் திருப்பினான்.

அந்தக் குடியிருப்பின் வாசலில் ஒரே கூட்டம். போலீஸ் ஜீப் நின்றிருந்தது. படிக்கட்டில் அந்தப் பெண் தலைவிரி கோலமாக உட்கார்ந்து கதறிக்கொண்டிருந்தாள். அவளை அணைத்துப் பிடித்திருந்த ஒரு அம்மாள் இன்ஸ்பெக்டரிடம் விம்மினாள்.

"இப்பத்தான் சார், காலையில டிரம் வாசிச்சுட்டு இருந்தாரு! கீழ் வீட்டுல இருந்து நான்தான் கத்தினேன். பாவி நான், மனுஷன் கடைசியா வாசிக்கறதைக்கூட நிம்மதியா வாசிக்க விடலையே!"

டிரம்மர் தோளில் இருந்த உறையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

"அதுக்கப்புறம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவர் நிறுத்தின கையோட இவ கீழே வந்துட்டா சார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் மார்க்கெட் போனோம். என்னை விட்டு ஒரு நிமிஷம் நகரலை. திரும்பி வந்து பார்த்தா, உள் அறையில கழுத்து நெரிபட்டுக் கிடக்காரு!"

"அப்போ, நீங்க மார்க்கெட் போன நேரத்துலதான் யாரோ உள்ள நுழைஞ்சிருக்கான்."

இல்லை என்று கத்த டிரம்மர் வாயைத் திறந்தான். காலையில் வாசித்தவன் அவன். அவன் வாசித்துக்கொண்டிருந்தபோதே அந்த மனிதர் அடுத்த அறையில் பிணமாகக் கிடந்திருக்கிறார்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். கூட்டத்தின் நடுவே அவனைப் பார்த்தாள். அவள் அழுகை ஒரு கணம் நின்றது.

மறுகணம், அடிவயிற்றிலிருந்து அலறினாள்:

"சார்! அதோ, அவன் தோள்ல... எங்க வீட்டுக்காரரோட டிரம்!"