பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டு

எலவனாசூர்கோட்டையில் நடவு வயலில் நின்றபடியே பாப்பாத்தி போனை எடுத்தாள். துபாயிலிருந்து மகன் பகலவன்.

"எம்மா, பாட்டு ஒண்ணு பாடு. ஸ்பீக்கர்ல போடறேன்."

வெள்ளிக்கிழமைகளில் அவனும் கூட வேலை செய்பவர்களும் தங்கும் அறையில் ஆளுக்கொரு ஊர்ப் பாட்டு. பகலவன் முறைக்கு இவள்தான் போனில் பாடுவாள்.

"நடவுப் பாட்டா, தாலாட்டா?"

"தாத்தா செத்தப்ப பாடினியே, அந்த ஒப்பாரி."

"வாயக் கழுவு! புள்ளைங்க நல்லா கீறப்ப அத பாடுவாங்களா?"

"உன் பாட்டுன்னா உசுர வுடுவானே, நேபாளத்துக் கிஷன், அவனுக்குத்தாம்மா."

"அவன் அர்த்தம் தெரியாம கேக்கறான். நீ எடுத்துச் சொல்லக் கூடாது?"

"அவன் கேக்கலம்மா. சாரத்துலேர்ந்து வுழுந்துட்டான். இன்னிக்கி பொட்டியில ஊருக்கு அனுப்பறாங்க. அழறதுக்கு இங்க பொம்பளையே இல்ல."

பாப்பாத்தி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பொட்டிகிட்ட போன வை" என்றாள். பிறகு குரலெடுத்தாள்.

"நான் பெத்த மவனே, கிசனே..."