அடிச்சட்டம்

"இது தேறாதுபா," என்று சொல்லிக்கொண்டே கலியன் வேனுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். தலை, முகமெல்லாம் மண். ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லா பாத்தியாண்ணே?" என்றான் அவள் மகன் பரசுராமன். மிலிட்டரி ஏலத்தில் போன பழைய வண்டி அது. நாலு கை மாறி அவனிடம் வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பச்சைக்கு மேல் நீலப் பெயிண்ட் அடித்துவிட்டான்.

"பாக்காம இன்னா? அடியில சேஸு ரெண்டு பக்கமும் துரு தின்னுடுச்சி. அதுதான மொத்த வண்டியையும் தாங்குது? ஆள ஏத்திக்கினு ஒரு பள்ளத்துல எறக்குனா ரெண்டா முறிஞ்சிடும்."

"வெல்டு அடிச்சி பத்து வெச்சி ஓட்டலாமேண்ணே. நீ வெக்காத பத்தா?"

"பத்து வெக்க சுத்தி நல்ல இரும்பு இருக்கணும்பா. கிழிஞ்ச துணியில கிழிஞ்ச துணிய வெச்சித் தெச்சா நிக்குமா?"

"சேஸையே மாத்திட்டா?"

"அதுக்கு வேற வண்டியே வாங்கிடலாம். பேசாம காயலான் கடையில போடு."

செவிலிமேட்டில் இரும்பு விஷயத்தில் கலியன் சொன்னால் சொன்னதுதான். வெல்டிங் பட்டறையில் இருபது வருஷம் நெருப்பைப் பார்த்துக் கண் சிவந்தவன்.

பரசுராமன் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். மறுநாள் மத்தியானம் முசரவாக்கத்திலிருந்து ஒரு பெண்வீட்டாரைத் திருத்தணிக்கு ஏற்றிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அதுதான் முதல் சவாரி. முதல் சவாரியே தவறினால் அப்புறம் எவன் கூப்பிடுவான்?

"யக்கா, கொஞ்சம் இப்டி வாயேன்," என்று கலியன் ஜெயம்மாளைத் தனியே கூப்பிட்டான். அவள் மகன் பார்க்காத சமயமாக, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். கலியன் சற்றுத் தயங்கினான். "வண்டிய எடுத்துடாதப்பா," என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தான்.

அன்றைக்குப் பரசுராமன் சோறு தொடவில்லை. காலையில் பார்த்தால், நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எறங்கி வாடா நைனா, கஞ்சி ஆறுது."

"எனக்கு இன்னாத்துக்குக் கஞ்சி? வாக்கு குடுத்துட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவங்க முன்னால போயி நிப்பேன்? பழையபடி தறிக்குழியிலயே போயி உக்காந்துக்கறேன். போ."

இருபத்துமூன்று வயது மகன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். பெற்றவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஜெயம்மாள் நேராகச் செல்லியம்மன் கோயிலுக்குப் போனாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே தெரியாதபடி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டாள். நினைத்ததைச் செய்யலாம் என்றால் வெள்ளை வரும். கூடாது என்றால் சிவப்பு.

'புள்ள வண்டி ஓட்டட்டுமா தாயே?' என்று மனசுக்குள் கேட்டாள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அவள் வீட்டுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"டேய், வண்டிக்கு ஒண்ணும் இல்லடா. நான்தான் கலியன் கையப் புடிச்சிக்கினு கெஞ்சினேன். கெட்டுப்போச்சின்னு சொல்லிடு, பையன் வண்டி ஆசைய விட்டுடுவான்னு சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"ஏம்மா?"

"ஒங்கப்பன் லாரியில போனாரு. பாயில சுத்திக் கொணாந்து போட்டாங்க. ஒன்னையும் அப்டிப் பாக்கணுமா நானு?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அம்மனே போவட்டும்னு சொல்லிட்டா. நான் யாரு தடுக்கறதுக்கு?"

பரசுராமனுக்குக் கோபப்படக்கூட நேரம் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டான். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். மூன்றாவது சுற்றில் வண்டி உறுமியது.

"அந்தாளு நாடகத்துக்கே போலாம்மா! கிழிஞ்ச துணியாம், தைக்க முடியாதாம்!" என்று வாய்விட்டுச் சிரித்தான். ஜெயம்மாள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அவன் நசுக்கிக்கொண்டு கிளம்பினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கலியன் வந்தான். வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது.

"காயலான் கடைக்குப் போட்டாச்சா யக்கா?"

"காயலான் கடையா!" ஜெயம்மாள் சிரித்தாள். "எல்லாத்தையும் அவன் கிட்ட சொல்லிட்டேன் கலியா. எனக்காவப் பொய் சொன்ன பாவம் ஒனக்கு எதுக்கு? பூ போட்டுக் கேட்டேன், அம்மன் உத்தரவு குடுத்துட்டா. இந்நேரம் இருபது பேர ஏத்திக்கினு திருத்தணி கிட்ட போயிருப்பான்."

கலியன் கையிலிருந்து சைக்கிள் நழுவிக் கீழே விழுந்தது. அவன் அதைத் தூக்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாபா, மயக்கமா? தண்ணி கொண்டாரட்டா?"

அவன் வண்டி நின்ற காலி இடத்தையே பார்த்தான்.

"யக்கா... நான் சொன்னது பொய் இல்லியே."