பத்தரை மணி ஆள்

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐந்து.

லாக்கப்பின் இடது மூலையில் நின்றால்தான் கடிகாரம் முழுதாகத் தெரியும். அவன் அங்கே நின்றான்.

நாற்பத்தொரு நாட்களாக அதே கடிகாரத்தை வெளியே, மேஜைக்கு முன்னால் நின்று பார்த்திருக்கிறான்.

ஆற்று மணல் வழக்கு. வண்டி இன்னொருவருடையது. மாடுகளும். ஓட்டியவன் அவன். ஜாமீன் கிடைத்தது, நிபந்தனையோடு. சொந்த ஊருக்குள் போகக் கூடாது. நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இந்த ஊரில் தங்கி, தினமும் காலை பத்தரைக்கு இந்தக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கே தங்குவது என்று உத்தரவில் இல்லை.

பேருந்து நிலையத்தில் தங்கினான். விடியுமுன் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கினான். ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுகிறவனுக்கு முழுநாள் வேலை யாரும் தரவில்லை. சட்டையை அலசி உடம்பிலேயே காயவைத்துக்கொண்டு, பத்து மணிக்கெல்லாம் வந்து, பிடித்துவைத்த பைக்குகளுக்கு நடுவே நிற்பான். கையெழுத்துப் போட்டதும், "நாளைக்கு வரேன் சார்" என்று கும்பிட்டுப் போவான்.

முதல் நாள் அவன் கையெழுத்து இரண்டு வரிகளில் புரண்டது. இப்போது ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி இலவச சட்ட உதவி வக்கீல் ஹெலன் மனுப் போட்டிருந்தார். இன்று விசாரணை. "ஒரு நாள்கூட விட்டுடாதீங்கண்ணா. விட்டா ஜாமீனே போயிடும்" என்று நேற்றும் போனில் சொன்னார்.

இன்று விடியற்காலை நாலரைக்கு, பேருந்து நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில் தூங்கியவனைக் காவலர் ஒருவர் லத்தியால் தட்டி எழுப்பினார். மாற்றலாகி வந்து மூன்று நாள் ஆனவர். தினமும் ஸ்டேஷனுக்குத்தான் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தான்.

"அப்ப வழி தெரியும்ல. நட."

ஒன்பது மணிக்கு ரைட்டர் தணிகாசலம் வந்தார். ஸ்டேஷன் எழுத்து வேலை முழுக்க அவருடையது. கையெழுத்து நோட்டும்தான். லாக்கப்பைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"யோவ், இவன் நம்ம பத்தரை மணி ஆளுய்யா."

"எனக்கெப்பிடி சார் தெரியும்?" என்றார் காவலர். "ஆதார்ல வேற ஊரு. இங்க எங்கடா தங்கியிருக்கேன்னா, பஸ் ஸ்டாண்டுன்றான். மாசக் கடைசிக்குள்ள ரெண்டு சந்தேக கேஸ் வேணும்னு ஐயா சொன்னாரு."

"அதுக்கு? நாளைக்கு நமக்கு டீ கொண்டாரவனையும் புடிச்சு உள்ள வையி."

வழக்குக்கு எண் போட்டாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் ஆகிவிட்டது. சந்தேக கேஸை விசாரிப்பவர் கோட்டாட்சியர்; மதியம் அந்த ஆர்.டி.ஓ. முன் நிறுத்த வேண்டும். அறிக்கை மட்டும் பாக்கி.

ரைட்டர் எழுதினார். இருபத்தாறு வருடங்களாக எழுதிவரும் வாசகம். யோசிக்காமலே வந்தது.

'இவ்வூரில் உறவினரோ, தங்குமிடமோ, பிழைப்புக்கு வழியோ இல்லாத நபர்.'

பிறகு அவனுடைய மஞ்சள் பையைக் கொட்டிப் பட்டியல் போட்டார். கைலி ஒன்று. பாதி சோப்பு. கவருக்குள் மடித்த காகிதம்.

பிரித்தார். ஹெலன் போட்ட மனுவின் நகல்.

'மனுதாரருக்கு அவ்வூரில் உறவினரோ, தங்குமிடமோ, பிழைப்புக்கு வழியோ இல்லை. எனவே நிபந்தனையைத் தளர்த்தி உத்தரவிட…'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

பட்டியலில், 'காகிதம் ஒன்று.'

பத்து இருபதுக்கு அவருடைய செல்போன் அடித்தது. ஹெலனின் குரல் லாக்கப் வரை கேட்டது.

"சார், அடுத்து எங்க மனுதான் கூப்பிடுவாங்க. அவர் இன்னைக்கு வந்துட்டாரா?"

ரைட்டர் லாக்கப் பக்கம் திரும்பவில்லை.

"வந்துட்டாரும்மா."

"லேட்டாகலையே?"

"சீக்கிரமே வந்துட்டாரு."

"கையெழுத்து போட்டதும் அந்தப் பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புறீங்களா சார்? ஜட்ஜ் கேட்பாரு."

"அனுப்புறேன்."

போனை வைத்தார்.

"சார்" என்றான் அவன் உள்ளிருந்து. "நோட்டு சார்."

"மணி ஆகலடா."

"இல்ல சார், மறந்துடுவீங்களோன்னு."

காவலர் சிரித்தார். ரைட்டர் நிமிர்ந்து பார்த்ததும் வெளியே போய்விட்டார்.

பெரிய முள் ஆறைத் தொட்டது.

ரைட்டர் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அது கம்பிகளுக்கு இடையே நுழையவில்லை. விரித்து, தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு கம்பியை ஒட்டி நின்றார்.

ஒரு கை மட்டும் வெளியே வந்தது. பேனாவை வாங்கியது. அவர் மூச்சுக்கு நோட்டு லேசாக ஏறி இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டாவது கையெழுத்து. ஒரு வரிக்குள் அடங்கியது.

நோட்டை ஜன்னலருகே கொண்டுபோனார். நேரத்துக்கான கட்டத்தில் 10.30 என்று எழுதினார். கம்பி எதுவும் படத்தில் விழாத இடமாகப் பார்த்துப் போட்டோ எடுத்தார்.

அனுப்பினார்.

பேனா இன்னும் அவனிடம் இருந்தது. வாங்கத் திரும்பி வந்தார்.

கொடுத்தான். கையை உள்ளே இழுத்துக்கொண்டு வழக்கம்போலக் கும்பிட்டான்.

"நாளைக்கு வரேன் சார்."