ஒரு நூலைக் கொளுத்து

“அசல் பட்டுத் திரைதானா, தர்மேஷ்பாய்? ஒரு நூலைக் கொளுத்திக் காட்டுங்க” என்றாள் முக்காடிட்ட பெண்.

கடைக்காரன் தர்மேஷ் திரையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தட்டில் வைத்தான். சூரத் மில்லிலிருந்து அவனே எடுத்துவந்த பாலியஸ்டர் அது. பட்டென்றால் முடி கருகும் வாடை வரும். இதுவோ உருகி உருண்டுவிடும். குட்டு உடைந்தால் கடையின் பேரே போய்விடும்.

வேறு வழியில்லாமல் தீக்குச்சியைக் கிழித்தான்.

முடி கருகும் வாடை குப்பென்று அடித்தது!

“பாத்தீங்களாம்மா? போலிச் சரக்கை நான் கையாலகூடத் தொடமாட்டேன்!” என்று சிரித்தபடி குனிந்தான்.

நூல் உருகி, தட்டில் கறுப்பு மணியாக உறைந்திருந்தது.

வாடை மட்டும் அடங்கவில்லை. அது முக்காட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

“போன தீபாவளிக்கும் இதையேதான் சொன்னீங்க” என்றாள். “விளக்கு சாய்ஞ்சப்போ உங்க பட்டு உருகி என் உடம்புல ஒட்டிக்கிச்சு. சுடுகாட்டுல எரிச்சப்பவும் பிரியல, பாய்.”