பொறுப்புக்கு ஒரு கையெழுத்து

எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் காலையிலிருந்தே பேச்சு குறைவு. திரையில் நில அதிர்வுக் கோடுகள் நடுங்கியபடி ஓடுகின்றன. எங்கள் தலைவி யோலிமா கைபேசியை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசுகிறாள். பக்கத்தில் கறுப்புக் காப்பி ஆறிக் கிடக்கிறது. மறுமுனையில் எவெலியோ. இந்தக் கோடுகளைப் படிக்கும் மென்பொருளை மாணவனாக இருந்தபோது எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்டவன். "சும்மா கேக்கல எவெலியோ. பராமரிப்புக்கு வருஷ ஒப்பந்தம், மாசாமாசம் பணம். கோளாறுன்னா நீ பொறுப்புன்னு ஒரு கையெழுத்து. அது இல்லாம நாளையிலேர்ந்து உன் மென்பொருளை ஓட்டக் கூடாதுன்னு பொகோட்டா தலைமை அலுவலகத்துல சொல்லிட்டாங்க." "பழுதுன்னா கூப்பிடுங்க டாக்டர், எப்பவும் போல பாத்துத் தரேன். காசு வேணாம்." அவன் குரல் இறங்குகிறது. அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமுகிறது. "ஒரு தடவை அது தப்பாச் சொல்லி, கீழ இருக்கற ஊரைக் காலி பண்ணாம விட்டுட்டா? நான் ஒருத்தன். அந்தப் பொறுப்பை எப்படி வாங்கிக்கறது?"

யோலிமா பேனா மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள். அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. "அப்ப நாளையிலேர்ந்து மலையை எதை வெச்சுப் பாப்பீங்க?" என்று அவன்தான் கேட்கிறான்.

"கண்ணால," என்கிறாள். ஜன்னலுக்கு வெளியே, உச்சியிலிருந்து அடிவாரம்வரை, மேகம் மலையை மூடிக்கொண்டு வருகிறது.