ஒத்துப்போகாது

“மகன் கிடைக்கலேன்னா டி.என்.ஏ. டெஸ்டுக்கு அப்பன் எச்சில் வேணுமா? கோர்ட் உத்தரவு இருக்கா?”

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வாசலை மறித்து நின்றார்.

“இல்ல சார். நீங்க சம்மதிச்சாதான் எடுக்க முடியும்,” என்றார் பெண் இன்ஸ்பெக்டர். “உங்க பையன் விஷயமா...”

“கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனான். அதுக்காகத் திருடனாயிடுவானா? எங்க பரம்பரையில எவனும் ஸ்டேஷன் படி மிதிச்சதில்ல!”

“அவங்க சொல்றதைத்தான் கேளுங்களேன்,” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு. எடுங்கம்மா! உங்ககிட்ட இருக்கறதோட என்னுது ஒத்துப்போகாது. அப்புறம், என் மகன் மேல பழி போட்டவன் நாக்கைப் பிடுங்கிக்கட்டும்!”

வாயை அகலத் திறந்தார்.

இன்ஸ்பெக்டருக்குப் பஞ்சுக்குச்சியை நீட்டக் கை வரவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

“ஒத்துப்போகக் கூடாதுன்னுதான் சார் நானும் வேண்டிக்கிறேன். ஆத்துல ஒதுங்கின உடம்பு யாருதுன்னு பார்த்துச் சொல்ற நிலைமையில இல்ல.”